அது எப்பவும் வர்ற மெயில்தான்

சர்வர்கள் மெயில் அனுப்பும். பிராசஸர் திணறினால் ஒன்று, டிஸ்க் நிரம்பத் தொடங்கினால் ஒன்று, மெமரி குறைந்தால் ஒன்று, பிறகு 'சரியாகிவிட்டது' என்று இன்னொன்று. எந்த அளவைத் தாண்டினால் மெயில் போக வேண்டும் என்பதை யாரோ ஒருவர் எப்போதோ ஓர் எண்ணாக எழுதி வைத்திருப்பார். டிஸ்க் 90 சதவீதம், மெமரி 80 சதவீதம், லோடு 5 என்பது போல. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை முடிவு, கல்லூரியின் தேர்வுக் கட்டணம், மில்லின் சம்பளப் பட்டியல் என்று நம் அன்றாடம் ஓடும் இயந்திரங்களைக் காவல் காப்பது கடைசியில் இந்த எண்கள்தான். நான் பார்த்த பெரும்பாலான இடங்களில் அவை பொருத்தமில்லாமல் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் அதிகாரம், அவற்றால் தூக்கம் கெடுகிறவர்களிடம் இல்லை. என் ஆதங்கம் இந்த இரண்டைப் பற்றியதுதான்.

கோயம்புத்தூரில் சிறு, நடுத்தர நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரித்துக் கொடுக்கும் இடத்தில் இரவு ஷிப்ட்டுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். புது வாடிக்கையாளர் யாராவது வந்தால், முதல் வேலையாக அலர்ட் மெயில் வந்து விழும் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வேன். படிக்காத மெயில்கள் ஆயிரக்கணக்கில் தடித்த எழுத்தில் வரிசையாக நிற்கும். பாதிக்கு மேல் 'கிரிட்டிகல்' என்ற தலைப்போடு இருக்கும். "இது என்னப்பா, இப்படிச் சிவப்பா நிக்குது?" என்று அங்கே இருக்கிற பையனைக் கேட்டால், ஊர் எதுவானாலும் நிறுவனம் எதுவானாலும் ஒரே பதில்தான் வரும். "அது எப்பவும் வர்ற மெயில்தானுங்க அக்கா."

இந்த ஒரு பதிலுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

அந்தப் பையனிடம் சோம்பல் எதுவும் இல்லை. ஒரே மாதிரி மெயிலைத் திறந்து, சர்வருக்குள் போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மூடி மூடிச் சலித்த பிறகு யாரும் செய்வதைத்தான் அவனும் செய்திருக்கிறான். அவுட்லுக்கில் ஒரு ரூல் போட்டு, கண்காணிப்பு மென்பொருளிலிருந்து வரும் எல்லாவற்றையும் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டிருக்கிறான். அந்த ஃபோல்டர் திறக்கப்படுவது, யாராவது போன் போட்டு "சாஃப்ட்வேர் ஓப்பன் ஆகல" என்று சத்தம் போட்ட பிறகுதான்.

எல்லை அளவை உயர்த்தினால் ஆபத்து என்று நிர்வாகங்கள் தயங்குகின்றன. அது ஏற்கெனவே உயர்ந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு ஊழியரின் மெயில்பெட்டியிலும் மனத்திலும் அது உயர்ந்திருக்கிறது, பல இடங்களில் எட்டாத உயரத்துக்கு. ரூல் போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அது ஏன் போடப்பட்டது என்பதற்குப் பதிவு இல்லை. எந்த அலர்ட்டை எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று நிறுவனம் உட்கார்ந்து முடிவெடுக்காததால், ராத்திரி கண்விழித்த ஓர் இளைஞன் தனியாக, யாருக்கும் சொல்லாமல், எல்லா அலர்ட்டுக்கும் சேர்த்து ஒரே முடிவாக எடுத்துவிடுகிறான். அந்த முடிவை வெளியே கொண்டுவந்து, ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக, எழுத்தில், காரணம் சொல்லி எடுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

படிக்கப்படாத மெயிலின் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவில் ஆவணமாகவே ஒரு கணக்கு இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் புதிய மென்பொருளோடு சந்தையில் இறங்கியது. 8 சர்வர்களில் 7இல் மட்டுமே புதிய நிரல் ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில், எப்போதோ கைவிடப்பட்ட 'பவர் பெக்' என்ற பழைய நிரல் உயிரோடு கிடந்தது. காலை 8:01 மணி முதல் அந்தப் பெயரையே குறிப்பிட்டு பிழைச் செய்தி மெயிலாக வரத் தொடங்கியது. 9:30க்குச் சந்தை திறப்பதற்குள் ஊழியர் குழு ஒன்றுக்கு 97 மெயில்கள் போயிருந்தன. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவில் இந்த எண் இருக்கிறது. அந்த மெயில்கள் அலர்ட்டாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, ஊழியர்கள் பொதுவாக அவற்றைப் பார்ப்பதில்லை என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. சந்தை திறந்தது. 212 வாடிக்கையாளர் ஆர்டர்களை நிறைவேற்றப் போய் 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் நடந்துவிட்டன. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். ஒன்றரை மணி நேரம் அவகாசம் இருந்தது. தகவலும் சரியாகவே இருந்தது. அது யாரும் பார்க்காத குவியலுக்குள் போய் விழுந்தது, அவ்வளவுதான்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சம்பவம் உண்டு. 2013 இறுதியில் டார்கெட் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலியின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். கண்காணிப்பு மென்பொருள் அதைக் கண்டுபிடித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு அலர்ட்டைப் பார்த்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தகவல் சொன்னது. அங்கே அதற்கு மேல் நடவடிக்கை இல்லை. 4 கோடி வாடிக்கையாளர் அட்டைகளின் விவரம் போனது. இங்கே ராத்திரி முழித்திருந்து பார்த்துச் சொல்கிறவர்களின் உழைப்பு அங்கே ஒரு குவியலில் சேர்ந்து மடிந்த கதையாகத்தான் இந்தத் தொழிலில் இருக்கும் என்னால் அதைப் படிக்க முடிகிறது.

சரி, எண்கள் எப்படித் தவறாகின்றன? ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

நாங்கள் கவனிக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் லேப் சர்வரில் தினமும் இரவு 2 மணிக்கு பேக்கப் ஓடும். 2:05க்கு 'லோடு கிரிட்டிகல்' என்று மெயில் வரும். அரை மணி நேரத்தில் பேக்கப் முடிந்து, 'சரியாகிவிட்டது' என்று இன்னொன்று வரும். தினமும் இதே ஜோடி. எல்லை அளவு 5. ஏன் 5 என்று தோண்டினால், முன்பிருந்த பழைய இயந்திரத்தின் பிராசஸரில் 4 கோர்கள். லோடு 5 என்றால் நான்கு வேலை நடக்கிறது, ஒன்று வரிசையில் காத்திருக்கிறது என்று ஏறக்குறைய வைத்துக்கொள்ளலாம். அன்று அந்த எண்ணுக்கு அர்த்தம் இருந்தது. இப்போதிருக்கும் இயந்திரத்தில் 16 கோர்கள். பழைய அமைப்பை அப்படியே காப்பி எடுத்துப் போட்டதால் எண்ணும் கூடவே வந்துவிட்டது. 16 கோர் இயந்திரத்தில் லோடு 5 என்றால் முக்கால்வாசி சும்மா இருக்கிறது என்று பொருள். போதாததற்கு, லினக்ஸில் லோடு என்பது பிராசஸருக்காகக் காத்திருப்பவற்றை மட்டும் எண்ணுவதில்லை. டிஸ்க்கிலிருந்து தரவு வருவதற்காகக் காத்திருக்கும் வேலைகளையும் சேர்த்து எண்ணும். பேக்கப் என்பதே டிஸ்க்கைப் படித்து இன்னோர் இடத்தில் எழுதும் வேலை. அப்போது லோடு ஏறத்தான் செய்யும்.

ஆக, கோர் எண்ணிக்கையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒரு நொடி எட்டிப் பார்த்ததை வைத்து மெயில் அனுப்பாமல், தொடர்ந்து 15 நிமிடம் நீடித்தால் மட்டும் அனுப்ப வேண்டும். இதைச் செய்யப் போனபோது ஷிப்ட்டில் இருந்த தம்பி ஒருவர் மறித்தார். "அந்த மெயிலை எடுத்துடாதீங்கக்கா. அது வந்தாத்தான் பேக்கப் ஓடுதுன்னு எனக்குத் தெரியும். வரலைன்னா உள்ளே போய்ப் பார்ப்பேன்." கேட்டதும் எனக்கு அந்தத் தம்பி மேல் பெரிய மரியாதை வந்தது. கூடவே திக்கென்றும் இருந்தது. ஓர் ஆஸ்பத்திரியின் பேக்கப் ஓடியதா இல்லையா என்ற தகவல், தேவையில்லாத ஒரு மெயிலின் வடிவில், ஒரே ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அவர் லீவு போட்டால் அந்தக் காவலும் லீவு. அந்த மெயிலை எடுத்தோம். அதற்கு ஈடாக, விடிகாலை 4 மணிக்குள் புதிய பேக்கப் கோப்பு வந்து சேரவில்லை என்றாலோ, வந்தது நேற்றைய அளவில் பாதிகூட இல்லை என்றாலோ போன் அடிக்கும்படி ஒரு சோதனை வைத்தோம். எல்லை அளவைத் திருத்துவது என்றால் எண்ணை ஏற்றிவிட்டுப் போவது என்று நினைக்கிறார்கள். அந்த மெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் உட்கார்ந்து பேசாமல் அதில் கை வைக்கவே கூடாது.

டிஸ்க் கதை வேறு மாதிரி. 90 சதவீதம் நிரம்பினால் மெயில் என்பது கிட்டத்தட்ட எங்கும் இருக்கும் வழக்கம். 20 ஜிபி டிஸ்க்கில் 90 சதவீதம் என்றால் மிச்சம் 2 ஜிபி. ஒரு லாக் கோப்பு வெறிபிடித்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். 4 டிபி டிஸ்க்கில் அதே 90 சதவீதம் என்றால் மிச்சம் 400 ஜிபி. நாளுக்கு 1 ஜிபி கூடும் ஆவணக் கிடங்காக இருந்தால் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். அந்த ஒரு வருடமும் தினமும் மெயில் வரும். நான் கேட்க விரும்பும் கேள்வி, இப்போதைய வேகத்தில் போனால் இது எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்பது. இன்றைய கருவிகள் இதைக் கணக்குப் போட்டுச் சொல்லும். புரோமிதியஸ் என்ற கருவியில் அதற்கென்றே ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. 3 நாளில் நிரம்பும் என்றால் மெயில், 4 மணி நேரத்தில் என்றால் போன். இடம் பாதி காலியாக இருக்கும்போதே ஐநோடுகள் (கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவிடங்கள்) தீர்ந்து, ஒரு புதுக் கோப்புகூட எழுத முடியாமல் நிற்கும் சர்வர்களும் உண்டு. சின்னச் சின்ன செஷன் கோப்புகள் லட்சக்கணக்கில் சேரும் இடங்களில் இது நடக்கும். அதற்கு அலர்ட் வைத்திருப்பவர்கள் குறைவு. தேவையில்லாததை எடுத்தால்தான் இதை வைக்க மனத்தில் இடம் வரும்.

மெமரிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியை டிஸ்க் தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். அதனால் 'ஃப்ரீ' என்ற எண் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். நிஜமாக எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கை 2014இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து லினக்ஸே தருகிறது. இத்தனை வருடம் கழித்தும் பழைய எண்ணைப் பார்த்து 'மெமரி 95 சதவீதம்' என்று அலறும் ஸ்கிரிப்ட்டுகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி மெயில்களும் அப்படித்தான். லெட்ஸ் என்க்ரிப்ட் கொடுக்கும் 90 நாள் சான்றிதழை, 30 நாள் மிச்சமிருக்கும்போது மென்பொருள் தானாகவே புதுப்பிப்பது வழக்கம். அங்கே 30 நாளுக்கு முன்பே அலர்ட் வைத்தால் அது தினசரி இரைச்சல். 20 நாளுக்கு வைத்தால், வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் 'தானாகப் புதுப்பிக்கவில்லை, போய்ப் பார்' என்ற தெளிவான பொருள் இருக்கும். தான் அனுப்பிவந்த காலாவதி மெயில்களை லெட்ஸ் என்க்ரிப்ட்டே 2025 ஜூன் மாதத்தோடு நிறுத்திவிட்டது.

யுபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் கரன்ட் போகும், வரும். போன நொடியில் யுபிஎஸ் 'பேட்டரியில் ஓடுகிறேன்' என்று மெயில் போடும். அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும், யுபிஎஸ் மறுபடி மெயில் போடும். இந்த இரண்டையும் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. ஆனால் யுபிஎஸ் 2 நிமிடத்துக்கு மேல் பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருந்தால் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அர்த்தம். டீசல் இல்லாமல் இருக்கலாம், ஜெனரேட்டரின் சொந்த பேட்டரி இறங்கியிருக்கலாம். அப்போது வாட்ச்மேனை எழுப்ப வேண்டும். அந்த 2 நிமிடம் என்ற எண்ணை எந்தக் கையேடும் தராது. ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

இதற்கெல்லாம் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. நாகியோஸ் 1999இல் வேறு பெயரில் தொடங்கிய கண்காணிப்பு மென்பொருள். ஒரு தடவை தோற்றதும் கூவாமல் சில முறை திரும்பச் சோதித்துவிட்டு உறுதி செய்யும் வசதி அதில் பல காலமாகவே உண்டு. ஒரு சோதனையின் கடைசி 21 முடிவுகளைப் பார்த்து, சரி–தவறு என்று ஊசலாடுகிறது என்று கண்டால் மெயிலை நிறுத்தி வைக்கும். ஒரு ஸ்விட்ச் விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் 40 சர்வர்களுக்கும் தனித்தனியாக அலறாமல், ஸ்விட்ச்சைப் பற்றி மட்டும் சொல்லும்படி அதில் எழுதி வைக்கலாம். ஜாபிக்ஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளில் 90இல் அலர்ட் எழுந்தால் 85க்குக் கீழே வந்த பிறகுதான் அடங்க வேண்டும் என்று வைக்கலாம். 89.9க்கும் 90.1க்கும் இடையில் ஆடும் டிஸ்க் விடிய விடிய மெயில் அனுப்புவது அதோடு நின்றுவிடும்.

ஒரு ஸ்விட்ச் விழுந்து 40 அலர்ட் வருவதைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. 26 பேர் காயமடைந்தார்கள். வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருந்த இரண்டு பேர் முன்னால் வந்து விழுந்த அலாரங்கள் 275. எதைப் பார்ப்பார்கள்? பிரிட்டிஷ் தொழில்துறை 1999இல் அலாரங்களுக்கென்றே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. சாதாரண நேரத்தில் ஓர் ஆளுக்கு 10 நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கும் குறைவாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. எண்ணெய் ஆலைகள் இந்தப் பாடத்தைப் படித்து முடித்துப் பல வருடம் ஆகிறது. கணினித் துறை இன்னும் முதல் பக்கத்தில் நிற்கிறது.

ஆஸ்பத்திரிகளிடம் கற்க இன்னும் நிறைய இருக்கிறது. 2013 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் 5 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 31 நாள் எண்ணிப் பார்த்தார்கள். 461 நோயாளிகளுக்கு 25 லட்சத்துக்கும் மேற்பட்ட அலாரங்கள். இதயத் துடிப்புக் கோளாறு அலாரங்களில் 12,671ஐ நிபுணர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்ததில், 88.8 சதவீதம் பொய். அதே காலத்தில் பாஸ்டன் மெடிக்கல் சென்டரில் இதய நோயாளிகள் பிரிவு ஒன்றில் அளவுகளை மாற்றினார்கள். தானே அடங்கிவிடும் எச்சரிக்கை ஒலிகளை எடுத்தார்கள். நோயாளிக்கு ஏற்ப அளவைத் திருத்தும் அதிகாரத்தை நர்சுகளிடம் கொடுத்தார்கள். வாரத்துக்கு 88,000 அளவில் இருந்த ஒலிகள் 10,000க்கு இறங்கின. அந்த எண்ணிக்கையைவிட என்னை நெகிழவைப்பது நர்சுகளுக்குக் கொடுத்த அதிகாரம். மாரத்தான் ஓடும் ஒருவரின் இதயம் தூக்கத்தில் நிமிடத்துக்கு 45 முறை அடிப்பது இயல்பு என்பது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். மானிட்டரைத் தயாரித்த கம்பெனிக்குத் தெரியாது.

எங்கள் துறையில் அந்த அதிகாரத்தைத் தர யாருக்கும் மனம் வருவதில்லை. காரணம் பயம், அதுவும் ஒருபக்கமான பயம். அலர்ட்டைச் சேர்த்தவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. எடுத்தவரைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு கோளாறுக்குப் பிறகும் கூட்டம் நடக்கும், 'இனிமேல் இதற்கும் அலர்ட் வைப்போம்' என்று முடியும், மூன்று சேரும். 'எதையெல்லாம் எடுக்கலாம்' என்று ஒரு கூட்டம் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வாடிக்கையாளர் பக்கத்து மேலாளர் ஒருவர் என்னிடம் மனதாரக் கேட்டார்: "மெயில் வந்தா வந்துட்டுப் போகுதுங்க மேடம், அதுல உங்களுக்கு என்னங்க செலவு?" செலவு இருக்கிறது. இரவு ஷிப்ட்டில் ஒருவரால் முழு கவனத்தோடு பார்க்க முடிவது சில விஷயங்கள்தான். விடிகாலை 3 மணிக்கு மனித மூளை அதற்கும் கீழே இறங்கும். ஒன்றுமில்லாத ஒவ்வொரு மெயிலும் அந்தக் கவனத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறது. ஒன்றுமில்லாததற்கு எழுப்பப்பட்டவரின் அடுத்த நாளும் அதில் சேர்ந்தே போகிறது. கல்யாணமான புதிதில் படுக்கைக்குப் பக்கத்தில் போன் விடிய விடிய அதிர்ந்ததால் இந்த வேலையே வேண்டாம் என்று போனவர்களை எனக்குத் தெரியும். நல்ல கை அவர்களுக்கு.

எண்ணை ஏற்றிவிட்டு நிஜமான கோளாறைத் தவறவிட்டால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. அதற்காகத்தான் எங்கள் குழுவில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு ஷிப்ட்டும் உட்கார்ந்து, அந்த வாரம் அதிகம் வந்த அலர்ட்டுகளை மேலிருந்து வரிசையாகப் பார்ப்போம். கேள்வி ஒன்றுதான்: இது வந்தபோது என்ன செய்தீர்கள்? "ஒண்ணும் பண்ணலைங்கக்கா" என்று பதில் வந்தால் அந்த அலர்ட் மாறும். எண் மாறலாம், காத்திருக்கும் நேரம் கூடலாம், காலை அறிக்கையில் ஒரு வரியாகப் போய்ச் சேரலாம். மாற்றுவதற்கு முன், புதிய அளவைக் கடந்த 3 மாத வரைபடத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். அந்தக் காலத்தில் நிஜமாகவே நடந்த கோளாறுகளை இது பிடித்திருக்குமா? பிடிக்காது என்றால் மாற்றம் இல்லை. மாற்றினால் பழைய எண், புது எண், காரணம், சொன்னவர் பெயர், மறுபடி பார்க்க வேண்டிய தேதி எல்லாம் பதிவேட்டில் ஏறும்.

சிலவற்றில் கை வைக்கவே மாட்டோம். பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டில் ஒரு டிஸ்க் போய்விட்டால் காத்திருக்க ஒன்றுமில்லை, அந்த நிமிடமே தெரிய வேண்டும். டேட்டாபேஸின் நகல் பின்தங்கி நின்றுவிட்டாலும் அப்படியே. பேக்கப்பில் இன்னும் கடுமையாகவே இருப்போம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அது சேரவே இல்லை. மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயில்கள் போகத்தான் செய்தன. அனுப்புநரைச் சரிபார்க்கும் விதிக்கு உட்படாததால் மெயில் சர்வர் அவற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. சுமார் 6 மணி நேரத் தரவு திரும்ப வரவில்லை. இதை அந்த நிறுவனமே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. மெயில் வராத இன்பாக்ஸைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். அதனால்தான், கண்காணிப்பு அமைப்பு உயிரோடு இருக்கிறது என்று வெளியே உள்ள இன்னோர் இடத்துக்குச் சில நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கவும், சொல்வது நின்றால் அந்த இடத்திலிருந்து போன் வரவும் ஏற்பாடு வேண்டும் என்று விடாமல் கேட்கிறேன்.

இது நிறுவனங்களின் உள்விவகாரம் என்று பலர் நினைக்கலாம். ஆனால் 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்–இன் பிறப்பித்த ஆணைப்படி, சைபர் தாக்குதல் போன்ற சம்பவங்களைக் கவனித்த, அல்லது கவனத்துக்குக் கொண்டுவரப்பட்ட 6 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். யாரும் திறக்காத ஃபோல்டருக்குள் அந்த அலர்ட் முதல் நிமிடமே வந்து கிடந்தால், அது கவனத்துக்கு வந்ததாகக் கணக்கா, வராததாகக் கணக்கா? நம் மருத்துவக் குறிப்பும் பணமும் இருக்கும் இடங்களில் இந்தக் கேள்வியை மெயில் ரூல்களிடம் விட்டுவைக்க முடியாது.

நான் ஒப்பந்தம் போடுகிறவர்களிடம் கேட்பதற்கு வருகிறேன். இப்போதைய பராமரிப்பு ஒப்பந்தங்களில் 'பிராசஸர் 80 சதவீதம் தாண்டினால் அலர்ட்' என்று ஒரு வரி இருக்கும். வேறோர் ஒப்பந்தத்திலிருந்து எடுத்து ஒட்டியது. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாளன்று கல்லூரி சர்வர் 80 சதவீதத்தில் ஓடுவது அது வேலை செய்வதற்கு அடையாளம். அந்த வரியை எடுத்துவிட்டு, 'மாணவர் கட்டணம் கட்டும் பக்கம் 3 நொடிக்குள் திறக்கவில்லை என்ற நிலை 5 நிமிடம் நீடித்தால்' என்று எழுதுங்கள். ஒவ்வொரு அலர்ட்டுக்கும் நேரே, அது வந்தால் யார், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் அந்த அலர்ட் ஒப்பந்தத்தில் வேண்டாம். விடியும்வரை பொறுக்கும் என்றால் மெயில், பொறுக்காது என்றால் போன் என்று இரண்டே வகை போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவுகளைத் திரும்பப் பார்ப்பதையும் கட்டணத்தோடு கூடிய வேலையாகவே சேருங்கள். சும்மா செய்து கொடுங்கள் என்றால் அது நடக்காது. அந்த ஆய்வுக் குறிப்பில் முதல் கையெழுத்து இரவு ஷிப்ட்டில் அந்த மெயில்களைப் பார்த்தவருடையதாக இருக்கட்டும். மேலாளர் கையெழுத்து அதற்குக் கீழே வரலாம்.